கனடாவில் ஆள் இல்லாத ஐவர்

எங்கள் கூடைப்பந்து அணியில் சேர இரண்டு தகுதிகள் வேண்டும். ஆடத் தெரிய வேண்டும். கனடாவில் உறவினர் இருக்கக் கூடாது. முதலாவது தகுதி என்னிடம் கொஞ்சம் குறைவு.

விதியை வகுத்தவர் அணியின் மனேஜர். பாரிஸின் லா சப்பல் பகுதியில் ஒரு உணவகத்தில் சமையல் செய்கிற அண்ணை. பெரிய தொழில்முறைக் கழகங்கள் ஐந்து வருடம் கழித்து யார் யார் ஆடப்போகிறார்கள் என்று இப்போதே திட்டம் போடுகின்றன என்று பிரெஞ்சு தெரிந்த யாரோ பத்திரிகையில் வாசித்துச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணையும் ஐந்து வருடம் பாரிஸை விட்டுப் போகாத ஆட்களைத் தேடத் தொடங்கினார்.

அவருடைய வயிற்றெரிச்சலிலும் நியாயம் இருந்தது. எண்பதுகளின் நடுவில் எங்கள் ஈழத்துப் பெடியன்களுக்குப் பாரிஸ் ஒரு பஸ் தரிப்பு. பந்தைப் பிடிக்கப் பழக்கி முடிப்பதற்குள் ஆள் லண்டனில் நிற்பான், இல்லையென்றால் கனடாவில். புதுச்சேரிக்காரர்களின் அணியோ பிரெஞ்சுக் குடிமக்களின் அணி. ஒருவரும் எங்கும் போகத் தேவையில்லை. அதே ஐந்து பேர், அதே ஐந்து தொப்பை; கோடைக்குக் கோடை எங்களைப் போட்டுச் சாத்துவார்கள். அவர்களை ஒருமுறையாவது வெல்லாமல் சாகமாட்டேன் என்று அண்ணை சொல்லித் திரிந்தார்.

ஆகவே பந்தைக் கையில் தருமுன் விசாரணை நடக்கும். அகதி விண்ணப்பத்துக்குக்கூட என்னை யாரும் அப்படிக் குடையவில்லை.

"உனக்குக் கனடாவிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, அண்ணை."

"லண்டனிலை?"

"அங்கையும் இல்லை."

என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. நான் ஐந்தடி நாலங்குலம். நான் எறிந்த பந்து வளையத்தைத் தொட்டதே அபூர்வம். ஆனாலும் முதல் ஐவரில் நிரந்தர இடம். நாதியற்றவன் என்பதற்காக ஒருவனைக் கொண்டாடியது நான் அறிய அதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் சுட்டது. இடம் கிடைத்த சந்தோசப் புளுகத்தில் மறந்துவிட்டேன்.

சார்செல் புறநகரிலிருந்து வரும் நெட்டையன் ஒருவன் இருந்தான். எம்பினால் வளையத்தில் தொங்குவான். ஆனால் அக்கா டொரொண்டோவில் இருக்கிறாள், தன்னைக் கூப்பிடப்போகிறாள் என்று வாயைக் கொடுத்துவிட்டான். போகிறவனைப் பழக்கி என்ன பயன் என்று அண்ணை அவனை மைதான ஓரத்து வாங்கில் உட்கார வைத்தார். இரண்டு கோடை அவன் எங்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் சுமந்தான். ஒரு குறை சொன்னதில்லை.

இதற்குள் நாதியற்ற ஐவரில் ஒருவனுக்கு லண்டனில் பெண் பொருந்தியது. ஒருவன் ஜெர்மனிக்குப் போனான். இன்னொருவனுக்குக் கனடாவில் யாரும் கேள்விப்படாத மச்சான் முளைத்தார். பிடித்துப் போட்ட புது ஆட்களும் நிலைக்கவில்லை.

மூன்றாவது கோடை, புதுச்சேரிக்காரர்களுடன் ஆட்டம். இருக்கிறவர்களை நோட்டம் விட்ட அண்ணையின் கண்ணில் நெட்டையன் பட்டான்.

"நீ இன்னும் போகேல்லையோ?"

அவன் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "அக்கா கூப்பிடேல்லை, அண்ணை. போன வருசம் நம்பரையும் மாத்திப்போட்டா."

அண்ணை வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சீறினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ வாங்கிலை இரு" என்றார்.

எனக்கும்தான் ஒருத்தரும் இல்லை என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். அவனுக்கு அது தொப்புளுக்கு மேலே நின்றது. அந்தக் கோலத்தில் ஓடிப்போய் முதல் பந்தை வளையத்துக்குள் போட்டான். நான் பெனியனோடு வாங்கில் ஏறி நின்று கத்தினேன்.