கிறிஸ்துமஸ் காலையில் தலைக்கு வைத்த எண்ணெய்

மூன்று வருஷத்துக்கு முன்பு, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது. என் கணவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

டிசம்பரில் ஆலையில் அரவை மும்முரமாக ஓடும். லீவு என்று வாயைத் திறக்க முடியாது. அதனால் வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்கு அவரை இங்கே விட்டுவிட்டு, நானும் பிள்ளைகளும் அப்பா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவோம். அங்கே அண்ணன்கள், சித்திகள், அவர்கள் பிள்ளைகள் என்று வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கும். திரும்பும்போது முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பை நிறையக் கொண்டுவந்து தெருவில் எல்லோருக்கும் கொடுப்பேன். எங்கள் தெருவுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அந்தப் பைதான்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அப்பா இறந்துபோனார். ஊருக்குப் போனேன். வந்தவர்களுக்குக் காப்பி கலப்பது, போன் எடுப்பது, அம்மாவை இரண்டு வாய் சாப்பிட வைப்பது என்று எல்லாம் என் தலையில்தான். அடக்கம் முடிந்த கையோடு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பிவிட்டேன். அழ நேரமே கிடைக்கவில்லை. இங்கே வந்து தனியாக உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு அசதி வந்தது. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. மிஷினில் கால் வைத்தாலே பாரமாக இருந்தது. பிள்ளைகள் "அம்மா" என்றால் சுள்ளென்று விழுவேன்.

டிசம்பர் பிறந்ததும் அண்ணன் போன் செய்தான். "இந்த வருஷம் இங்க ஒண்ணும் கெடையாது பாத்துக்க. அம்மாவ சித்தி கூட்டிட்டுப் போறா. நீ பிள்ளைகள இழுத்துக்கிட்டு அலையாத" என்றான். துக்க வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் ஸ்டார் கட்ட மாட்டோம், புதுத்துணி எடுக்க மாட்டோம், எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுட மாட்டோம். அவன் சொன்னது சரிதான். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு வேலை மிச்சம்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குத்தான் அது புரியவில்லை. "ஸ்டார் மட்டும் கட்டலாம்மா, பலகாரம் வேணாம்" என்று பேரம் பேசினாள். சின்னவன் அக்கா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், அவ்வளவுதான். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் எழுந்து எதையும் செய்ய உடம்பில் தெம்பில்லை. பண்டிகை எப்படியாவது கடந்து போனால் போதும் என்று இருந்தேன்.

கிறிஸ்துமஸ் காலையில் கணவர் ஷிப்ட் முடிந்து வரவில்லை. மாற்று ஆள் வரத் தாமதமாம். வெளியே ஒரே பனி; மேற்கே கல்வராயன் மலை இருக்கும் இடமே தெரியவில்லை. ஒரு பழைய வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கோயிலுக்குக் கிளப்பிக்கொண்டிருந்தேன். அப்போது எதிர் வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். கரும்பு வெட்டும் கூட்டத்தோடு கூலிக்குப் போகிறவள். கையில் ஒரு ஜாக்கெட் பிட். பொங்கலுக்குத் தைக்கச் சொல்லி அந்த மாதம் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்தார்கள். இவளும் அதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்ததும், எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"எம்மா, இன்னைக்கு ஒரு நாளாவது என்னை விடுங்களேன்! நாளைக்கு வா, போ" என்று கத்திவிட்டேன்.

அவள் போகவில்லை. "தைக்க இல்லீங்கக்கா. இது உங்களுக்கு" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். இன்னொரு கையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய், காகிதத்தில் மடித்த சீயக்காய்த் தூள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவளே சொன்னாள். "உங்க பாப்பா எங்க வூட்டாண்ட வந்து, இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிக இல்ல ஆயான்னு எங்க மாமியாருகிட்ட சொல்லிக்கினு அழுவுது. எங்க பக்கம் சாவு வூட்டுக்கு மொத பண்டிக வந்தா, பொறந்த வூட்டு ஜனம் வந்து தலையில எண்ண வச்சு, துணி குடுத்து, துக்கம் கழிச்சுட்டுப் போவும். அப்புறம்தான் அந்த வூட்ல சட்டி வைக்கலாம். உங்களுக்கு யாருன்னா வருவாங்கன்னு நேத்து சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். யாரும் வரலியே."

"எங்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லம்மா" என்றேன்.

"இல்லாட்டி இன்னாக்கா? தலையில எண்ண வச்சா சாமி கோச்சுக்குமா? யாரும் வராத வூடா கெடக்கக் கூடாது. உக்காருங்க."

உட்காருவதா வேண்டாமா என்று எனக்குள் பெரிய தடுமாற்றம். கோயிலுக்கு நேரமாகிவிட்டது. அப்பா நேரம் தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். அவர் மகள் கிறிஸ்துமஸ் அன்று எண்ணெய் வழியும் தலையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று ஒரு பக்கம். அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லாமல்தான் உட்கார்ந்தேன் என்று சொல்ல வேண்டும்.

உச்சந்தலையில் எண்ணெய் பட்டது. சில்லென்று இருந்தது. கரும்புத் தோகை கிழித்துக் கிழித்துக் காய்த்துப்போன கை அவளுடையது. முடியெல்லாம் அதில் சிக்கி இழுபட்டது. அவள் பாட்டுக்குத் தேய்த்தாள். அப்பா போனதிலிருந்து எல்லோரும் என்னிடம் காப்பி கேட்டார்கள், சாவி கேட்டார்கள், ஜாக்கெட் கேட்டார்கள். எதையும் கேட்காமல் என் தலையில் கை வைத்தது அவள் ஒருத்திதான்.

அழுதேன். ஒப்பாரியே வைத்துவிட்டேன். சின்னவன் பயந்துபோய் என் புடவையைப் பிடித்துக்கொண்டான். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஒண்ணுமில்லடா ராசா, அம்மா தாத்தாவுக்கு அழுவுது. அழுவட்டும்" என்று அவனிடம் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஜாக்கெட் பிட்டை என் மடியில் வைத்தாள். "தலைக்கு ஊத்திக்கினு சட்டி வைங்க. புள்ளைங்களுக்கு ரெண்டு வடயாவது சுட்டுக் குடுங்க. நான் வரேன், ஆளுங்க எல்லாம் கரும்புக் கொல்லைக்குப் போயிட்டாங்க" என்று ஓடினாள். ஒரு வாய் காப்பி குடி என்றுகூட நான் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை.

தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். கடைசி ஆசீர்வாதத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் உளுந்தை ஊறப்போட்டேன். அரைத்துச் சுடும் நேரத்தில் கணவர் சர்க்கரைப்பாகு வாடையோடு வந்து, அடுப்பில் சட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அழுது வீங்கியிருந்த என் கண்ணையும் பார்த்தார். முதலில் வெந்த வடையைப் பிய்த்துச் சின்னவனுக்கு ஊட்டினார். வடையில் உப்பு கம்மி. யாரும் குறை சொல்லவில்லை. அசதி முழுவதும் போய்விடவில்லை. ஆனால் அன்று இரவு படுத்ததும் தூங்கினேன்.

அதற்கு முன், சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து பயந்துகொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், "பனியில தலைய நல்லாத் துவட்டுனியாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறோம். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வரும் புதுப் பெண்கள் பேச்சுவாக்கில், "உங்களுக்குப் பொறந்த வூடு எந்த ஊருக்கா?" என்று கேட்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் பாதி உண்மையைத்தான் சொல்கிறோம் என்று மனசு என்னை எதிர் வீட்டைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.