கறுப்பின் மேல் கறுப்பு நூல்

கல்முனையில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்துவது என் வேலை. எங்கள் பக்கத்தில் பெண்களைப் படம் எடுப்பதும் பெண்தான், திருத்துவதும் பெண்தான். படம் வேறு கைக்குப் போய்விடக் கூடாது என்று, ஆல்பம் கொடுக்கும் நாளில் மணப்பெண்ணின் தாயை என் கணினிக்கு முன்னால் இருத்தி, அவர் கண்ணெதிரே எல்லாப் படங்களையும் அழிக்க வேண்டும். ஒன்றும் மிஞ்சவில்லை என்று பார்த்த பிறகே ஆல்பத்தைப் பிரிப்பார்கள். நல்ல வழக்கம்தான். எங்கள் முதலாளிக்கு அதைவிட நல்ல வழக்கம் வேறில்லை, அவருடைய பிழைகளும் அதோடு அழிந்துவிடும்.

முதலாளியை, அண்ணன் முறை வைத்து, காக்கா என்றுதான் கூப்பிடுவேன். கமராவிலிருந்து வரும் படத்தை முதலில் அச்சகத்தின் நிறக் கணக்குக்கு மாற்றச் சொல்வார். பிறகு முகம் திருத்துவதற்காகத் திரையின் கணக்குக்குத் திருப்பச் சொல்வார். பிறகு மறுபடியும் அச்சுக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் கணினி எண்களைக் கொஞ்சம் வெட்டிச் சமன் செய்யும், அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றாகிப் போகும். எனக்குச் சந்தேகம் வந்து ஒரு சோதனை செய்தேன். சுத்தக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வெளுக்கும் ஒரு பட்டையை உண்டாக்கி, அவருடைய வழியில் ஓட்டினேன். வெள்ளைப் பக்கம் பெரிய குறையில்லை. கறுப்புப் பக்கத்தில் படிகளையே காணவில்லை, தார் பூசியது போல ஒரே கறுப்பு. காக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கறுப்ப ஆரு புள்ள உத்துப் பார்க்கப் போறாங்க? மூஞ்சி நல்லா இரிக்குதானே" என்றார்.

பெண்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பு அபாயா அங்கியில் நிற்கும் ஊரில் படக்கடை வைத்திருப்பவர் சொன்ன கதை இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டையை மூடிவிட்டு அடுத்த படத்தைத் திருத்தப் போனேன்.

அதே கிழமை சம்மாந்துறையிலிருந்து ஒரு தாய், மகளின் கல்யாணப் படங்களைத் தெரிவு செய்ய வந்தார். கணவர் மௌத்தாகி, துக்கம் காத்து வீட்டோடு இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும், தன் அபாயாவில் மாதுளம்பூ தைத்திருக்கிறார். வேறு நிறம் தொட மனம் வராமல், கறுப்புத் துணியில் கறுப்பு நூல். அவருக்குக் கண் மங்கல். மகள்தான் பக்கத்தில் இருந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தாளாம். இனி அவள் மாப்பிள்ளையோடு கட்டாருக்குப் போகிறாள். அந்தப் பூ தெரிகிற படம் ஒன்று அவளோடு போக வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கல்யாணத்தில் அவர் அதை உடுத்து நின்ற படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். ஒவ்வோர் இதழும் தெரிந்தது. திரையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அந்த ஒரு படத்தையாவது மூலத்திலிருந்து ஒரே தடவையில் அச்சுக்கு மாற்றுவோம் என்று காக்காவிடம் கெஞ்சினேன். ஒரு படத்துக்காக மினக்கெட ஏலாது என்றுவிட்டார். நானே செய்திருக்கலாம், அரை மணி நேர வேலை. செய்யவில்லை. பயம் என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பயமுமில்லை ஒன்றுமில்லை, வெறும் அலுப்பு.

ஆல்பம் ஒட்டிய பெட்டியில் வந்தது. முதலில் திறந்து பார்ப்போம், பிறகு அழிப்போம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பெண்கள் பக்கத்தை மறைக்கும் திரைச்சீலைக்கு அப்பால் காக்கா நின்றார். அந்தத் தாயே மவுஸைப் பிடித்து, மூலப் படங்கள் உட்பட எல்லாவற்றையும் அழித்தார். பிறகு பெட்டியைப் பிரித்தார்.

முகம் அழகாகத்தான் இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு கறுப்புக் கட்டி. அவர் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். திரையில் வெளிச்சம் இருக்கிறது, தாளில் இல்லை, கறுப்பில் கறுப்பு அச்சில் விழாது என்று காக்கா சீலைக்கு அப்பாலிருந்தே சொல்லி முடித்தார்.

"அப்பிடியா தங்கச்சி?" என்று அந்தத் தாய் என்னைத்தான் கேட்டார்.

"ஓம் ராத்தா."

"அப்ப என்ட பிழைதான்" என்று சொல்லி ஆல்பத்தை மூடினார்.

இந்த வருடம் அவருடைய தங்கையின் மகளுக்குக் கல்யாணம். படம் பார்க்க அவரும் கூட வந்தார், அதே அபாயாவோடு. ஒவ்வொரு மாதுளம்பூவின் மேலும் வெள்ளி நூல் ஓட்டியிருந்தார். தையல் அங்குமிங்கும் கோணிக் கிடந்தது. இந்த முறை ஊசி கோத்துக் கொடுக்க மகள் இல்லை.

"இப்ப விழும்தானே, தங்கச்சி?"

விழும் என்றேன்.