தண்டவாளம் காய்ந்திருந்த காலை

வெள்ளவத்தையில் கடலுக்கு நேர் முன்னால் பதினெட்டு வருடம் குடியிருந்தும் ஒருநாளாவது கடலில் கால் நனைத்தவன் அல்ல நான். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்ல வந்த வெட்கம் இதுவல்ல, அது இதைவிடப் பெரியது.

எங்கள் மாடிக்குடியிருப்பில் எல்லோரும் அப்படித்தான். கடல் தெரிகிற வீடு என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவோம். வாங்கிய கையோடு கடல் பக்கத்துக் கதவை இறுக்கிச் சாத்திவிடுவோம். உப்புக்காற்று பட்டால் ஃபிரிட்ஜ் துருப்பிடிக்கும், டிவி பழுதாகும், ஏசி இரண்டு வருடம் தாங்காது. எங்கள் பல்கனிக் கதவின் பிணைச்சல்களும் துருவேறிப் போய், தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். திறக்கும்போது வீட்டையே எழுப்பிவிடுகிற ஒரு சத்தம் போடும்.

கதவைத் திறக்காமலே கடலின் குணம் அறிய எங்களிடம் ஒரு வழி இருந்தது. மரைன் டிரைவுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கருங்கற்கள், பிறகு கடல். தண்டவாளம் நனைந்திருந்தால் கடல் கொந்தளிப்பு. காய்ந்திருந்தால் அமைதி. தெஹிவளைக்கு ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் இருப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் இதை வைத்துத்தான். நானும் இதை வேதவாக்காக நம்பியிருந்தேன்.

இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கணவனுடைய தங்கை. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள். தங்கைக்கு முப்பது வயதிருக்கும், கப்பல் கம்பனி ஒன்றில் வேலை. அவளிடம் ஓர் அலைச்சறுக்குப் பலகை இருந்தது. அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிய முதல் நாள் எங்கள் கட்டடத்தில் கதவுக்குக் கதவு தலைகள் எட்டிப் பார்த்தன. என் தலையும் அதில் ஒன்று.

கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கடலுக்குள் ஒரு பாறைத் திட்டு கிடக்கிறது. அலைகள் அதில் ஏறி மடிவதால் சறுக்குவதற்கு வாய்ப்பான இடமாம். அடியில் மணலில்லை, கல். விழுந்தால் கல்லில்தான் விழவேண்டும். அதனால் சறுக்கப் போகிறவர்கள் அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், கடல்நீர் வற்றா பெருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இவள் வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும். என் வீடு நாலாம் மாடி, முன்பக்கம்.

"அண்ணா, காலமை எழும்பினவுடன பல்கனியில நிண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லேலுமோ?" என்று லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டாள். "சும்மா எட்டிப் பாத்தாக் காணாது. பெரிய அலையள் மூண்டு நாலு சேர்ந்து வரும். வந்துபோட்டுப் பிறகு கொஞ்ச நேரம் ஒண்டுமே இருக்காது. ஒரு கால் மணித்தியாலமாவது நிண்டு பாக்கவேணும்."

"அதுக்கென்ன, பாத்தாப் போச்சு," என்றேன். நீச்சல் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே, ஊரில் இருந்தபோது கடலில் நீந்தித் திரிந்ததாக ஒரு கதையையும் அவிழ்த்துவிட்டேன். முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையில் சொன்ன பொய் அது.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு. ஆட்கள் வருவார்கள், முத்திரை குத்தித் தருவேன், போவார்கள். ஒருவரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. இப்போது ஒருத்தி கேட்டுவிட்டாள். தலைகால் புரியவில்லை எனக்கு. போனில் ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டாள். அவளைப்போலப் பலகை வைத்திருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். நான் தினமும் ஆறு மணிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடல் நிலவரம் எழுதினேன். "இளங்காற்று கிழக்கிலிருந்து. அலை இடுப்பளவு. நீர் வற்றத் தொடங்குகிறது." வேலைக்குக்கூட நான் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை. முதல் மாதம் உண்மையாகவே கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அவர்கள் எனக்கு 'வெதர் அங்கிள்' என்று பெயர் வைத்தார்கள். அங்கிள் என்றது கொஞ்சம் குத்தினாலும் வெதர் என்றது குளிர்ச்சியாக இருந்தது. என் மனைவிதான், "அலுவலில்லாத வேலை," என்றாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் மாதம் கால் மணி பத்து நிமிடமானது. மூன்றாம் மாதம் தேத்தண்ணீர் கொதிக்கிற நேரமானது. பிறகு, போனில் கடல் நிலவரம் சொல்கிற ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அதைப் பார்த்து, என் சொந்தக் கண்ணால் கண்டதுபோல மூன்று மொழியில் எழுதிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன். ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அது ஏப்ரல் மாதம், சித்திரைப் புதுவருடத்துக்கு முந்திய சனிக்கிழமை. தெற்கிலிருந்து பெரிய அலை வருகிறது என்று அந்தப் பக்கத்தில் இரண்டு நாளாகவே போட்டிருந்தது. இரண்டு நாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் அதையே போட்டபோது, இவர்களுக்கு வேறு வேலையில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது. சரி, எழும்பிப் பார்ப்போம் என்றால் மனைவி தலையிடி என்று அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். பல்கனிக் கதவைத் தள்ளினால் எழும்பிவிடுவாள். குளியலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அதிலிருந்து பாறைத் திட்டு தெரியாது, பக்கத்துக் கட்டடம் மறைக்கும். தண்டவாளம் தெரியும். தண்டவாளம் எலும்புபோல் காய்ந்து கிடந்தது.

"கடல் அமைதி. அலை முழங்காலளவு. பயமில்லாமல் போகலாம்." எழுதி அனுப்பினேன். பயமில்லாமல் என்ற சொல்லை அன்று ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு நிமிடத்தில் அவளிடமிருந்து 'தாங்க்ஸ் அண்ணா' வந்தது. அவள் எப்போதும் மற்றவர்களுக்கு முன்னரே போகிறவள். மற்றவர்கள் சனிக்கிழமைகளில் ஏழரைக்குத்தான் வருவார்கள்.

பிறகுதான் எனக்கு இது விளக்கப்பட்டது. நீர் நன்றாக வற்றியிருந்தால் பெரிய அலை பாறைத் திட்டிலேயே உடைந்துவிடும். கரைவரை வராது, தண்டவாளத்தை நனைக்காது. தண்டவாளம் காய்ந்திருக்கிற அந்த நேரத்தில்தான் திட்டின் மேல் தண்ணீர் குறைவு, கல் மிகக் கிட்ட. நாங்கள் பதினெட்டு வருடமாக நம்பியிருந்த அளவுகோல் ரயிலில் போகிறவனுக்குச் சரி. தண்ணீருக்குள் இருக்கிறவளுக்கு அது நேர்மாறு.

ஏழு மணிபோல மனைவி எழும்பிவிட்டாள். துவாய் காயப்போடப் பல்கனிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன். கடல் கண்ணாடிபோல இருந்தது. அவள் திட்டுக்கு அருகே பலகையில் குந்தியிருந்தாள். அப்போது அவளுக்குப் பின்னால் தண்ணீர் சுவர் மாதிரி எழும்பியது. நாலாம் மாடியிலிருந்து பார்த்தே அது உயரம் என்று தெரிந்தால் கீழே அது எப்படி இருந்திருக்கும். முதலாவது அவளைத் தூக்கிக் கல்லில் போட்டது. பலகை மட்டும் மேலே வந்தது. இரண்டாவது அலைக்குப் பிறகு அவளும் வந்தாள். ஒரு கையால் பலகையைப் பிடித்திருந்தாள், மற்றக் கை தொங்கியது.

அப்போது நான் செய்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கையில் போன் இருந்தது. குரூப்பைத் திறந்தேன். என் செய்தியை அமத்திப் பிடித்து, எல்லோருக்கும் அழி என்பதைத் தட்டினேன். அவசரத்தில் முதல் தரம் விரல் தவறியது. இரண்டாம் தரமும் தட்டி, அழிந்துவிட்டதா என்று நின்று பார்த்தேன். அதற்குள் மூன்றாவது அலையும் அவள் மேல் விழுந்தது. அதன் பிறகுதான் ஓடினேன்.

நான் கீழே போய்ச் சேர்ந்தபோது, தண்டவாளம் பார்த்துக்கொண்டு நடந்து வந்த ரயில்வேத் தொழிலாளி ஒருவர் காக்கிச் சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கியிருந்தார். அவர்தான் அவளைக் கருங்கற்களுக்கு இழுத்து வந்தார். நெற்றி பிளந்திருந்தது. முழங்காலில் சதை உரிந்து தொங்கியது. தோள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ஊரில் கடல் நீந்தித் திரிந்த நான் கல்லின் மேல் செருப்போடு நின்றேன். "அய்யே, த்ரீவீல் எகக் கேன்ன!" என்று அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார். முச்சக்கரவண்டி பிடித்து வந்தேன். நான் செய்த உதவி அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய அண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் ஓடிப் போகாட்டி என்ர தங்கச்சி இல்லை," என்று அழுதார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகவேண்டும்போல இருந்தது. ஆனாலும் கைகளை இழுக்கவில்லை. பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "நீங்கள் ஒவ்வொரு நாளும் மெசேஜ் போடுறனீங்களாம் தானே. இண்டைக்குப் போடேல்லையோ?"

அவள் பக்கத்துக் கட்டிலில் கிடந்தாள். நெற்றியில் தையல், கையில் கட்டு. விழித்துத்தான் இருந்தாள். நான் அனுப்பியதை வாசித்தவள், நன்றி சொன்னவள். அவளுக்கு முன்னால் வைத்தே நான் சொன்னேன்.

"இண்டைக்குப் போடேல்லை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களே," என்றார் அண்ணன். "ஒருத்தரையும் கேளாமல் போயிருக்கு. இதுக்குப் பிறகு நான் விடுவனோ?"

அவள் பொறுப்பில்லாதவள் என்ற முடிவு அந்த நிமிடம் எழுதப்பட்டது. அமைதி என்று சொன்னவன் நான், என்னை நம்பித்தான் போனாள் என்ற ஒரு வசனம் போதும் அதை அழிக்க. அந்த வசனம் என் வாயில் இருந்தது. கொழுக்கட்டைபோல இருந்தது. குரூப்பில் என் பெயருக்குக் கீழே 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று கிடந்ததை எல்லோரும் கண்டிருப்பார்கள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. கும்பிடுகிற கைகளும் பூக்களும் போட்டு என்னை வாழ்த்தினார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெட்கங்கெட்டு, ஒன்றுக்கு நன்றியும் எழுதினேன்.

அவளுடைய தாய் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கலியாணம் பேசுகிற வயதில் நெற்றியில் தழும்பு என்றார். அண்ணன் பலகையை யாரோ ஒரு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அவள் தாயோடு போய் இருப்பதென்று முடிவானது. கொட்டாஞ்சேனையில் கடல் துறைமுகத்து மதிலுக்குப் பின்னால். ஆறு கிழமை நான் படியில் அவள் எதிர்ப்படாதபடி காலடிச் சத்தம் கேட்டு ஏறி இறங்கினேன். ஒவ்வொரு நாளும், இன்று அண்ணனிடம் சொல்லிவிடுவேன் என்று எழும்புவேன். இரண்டாம் மாடிக் கதவு வரையும் ஒருதரம் போனேன். மணியை அமத்தவில்லை.

போகிற அன்று அவள்தான் மேலே வந்தாள். மனைவி வீட்டில் இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றாள். தோள் இன்னும் முழுதாகத் தூக்க ஏலாது என்றாள். அவள் மெசேஜைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் காலில் விழுந்துவிடுவது என்றும் நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேணும் அண்ணா," என்றாள். "நான் தண்ணிக்குள்ள கிடக்கேக்க உங்களைக் கண்டனான். பல்கனியில நிண்டு போனை அமத்திக்கொண்டு நிண்டீங்கள். அண்ணா கண்டிட்டார், ஆருக்கோ கோல் எடுக்கிறார், இனி ஆரும் வருவினம் எண்டு நினைச்சன். அந்த நினைப்பிலதான் பலகையை விடாமப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆருக்கு எடுத்தனீங்கள்?"

"ஆம்புலன்சுக்கு," என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, எனக்கு உதவுகிறவள்போலச் சொன்னாள்.

"லைன் கிடைச்சிராது."

"ஓம்," என்றேன். "கிடைக்கேல்லை."