கமிஷனர் பாதை என்று எழுதிய வாய்க்கால்

கமிஷனர் எங்கள் வயலைப் பார்க்க வந்தது சித்திரை வெயிலில். அப்பா போன பிறகு நிலத்தில் பாதி கேட்டு, தம்பிமேல் நான்தான் தஞ்சாவூர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தேன். பாதி எனக்கு உண்டு என்று தீர்ப்பாகிவிட்டது. எந்தப் பாதி யாருக்கு என்று அளந்து, மதிப்புப் போட்டு அறிக்கை தரக் கோர்ட் அனுப்பிய வக்கீல் அவர். கமிஷனர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

தம்பி ஒரு வரப்பில் நின்றான், நான் எதிர் வரப்பில். பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. நடுவில் சர்வேயர் அளக்க அளக்கக் கமிஷனர் குறித்துக்கொண்டே போனார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மற்றவர் காதில் விழுந்துவிடுமே!

அறிக்கையின் நகல் வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல் வயல் தம்பிக்கு, கீழ் வயல் எனக்கு; அதில் குறையில்லை. ஆனால் மேல் வயல் ஓரமாக என் வயலுக்கு வரும் வாய்க்காலை வண்டிப்பாதை என்று எழுதி, தம்பி பங்கில் சேர்த்திருந்தார் மனிதர். கோடையில் காய்ந்து கிடக்கிற வாய்க்காலில் டிராக்டர் ஓட்டுவது இங்கே எல்லோரும் செய்வது. டயர் தடத்தைப் பார்த்து அவரே முடிவு கட்டிவிட்டார். இது வாய்க்கால் என்று ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எங்களுக்குத்தான் எப்படித் தோன்றும்? அறிக்கை அப்படியே உறுதியானால் என் வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆட்சேபணை போட்டேன்.

விசாரணையன்று நீதிபதி தம்பியைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் வக்கீல் எழுவதற்குள் அவனே சொல்லிவிட்டான். "வாய்க்கால்தாங்க ஐயா. வாதி வயலுக்கு அதுலதான் தண்ணி போவுது."

கோர்ட்டில் அப்படித்தான் சொல்ல வேண்டும், தெரியும். இருந்தாலும் அக்கா என்று வாயில் வந்துவிடாதா என்று ஏங்கினேன்.

அறிக்கையைத் திருத்தி உறுதி செய்தார்கள். வெளியே வந்து தேடினேன். ஆட்டோ ஏறிப் போயிருந்தான். வாய்தா என்று ஒன்று இருந்தவரை அவன் முகத்தையாவது பார்த்தேன். இனி அதுவும் இல்லை. கேட்டது கிடைத்தவள், திருவையாறு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

பிறகு ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். மேல் வயல்காரர் மடையைத் திறந்ததும் கீழ் வயலுக்குக் குரல் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். சின்ன வயதில் "அக்கா, தண்ணி வருது!" என்று தம்பி ஊர் அதிரக் கத்துவான். அந்தக் குரலுக்காக விடிந்ததிலிருந்து வரப்பில் நின்றேன், வெட்கமில்லாமல். குரல் வரவில்லை. சருகும் நுரையுமாகத் தண்ணீர்தான் வந்தது. அதன் பின்னாலேயே மண்வெட்டியோடு ஒருவர் வந்தார். மேல் வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் வெளியூர்க்காரராம்.

"தண்ணி வந்துடுச்சாம்மா? முதல்ல உங்க வயலுக்குத்தான் விடணும்னு நிலத்துக்காரர் போன்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க. அவங்க உங்களுக்குச் சொந்தங்களா?"

"பக்கத்து வயலுங்க," என்றேன்.