தாம்பரம் என்று சொன்ன ரேடியோ

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய ரேடியோ வாங்கி வந்தார். பாட்டு கேட்பதற்கு இல்லை. பசிபிக் கடலில் எங்கோ கிடக்கும் தீவுகளின் சிற்றலை நிலையங்களைப் பிடிப்பதற்காம். பிடித்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால், “புடிச்சிட்டோம்னு சந்தோஷப்படலாம்ல” என்பார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாகவே பட்டது. அத்தாவுக்குத்தான் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) படவில்லை.

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் மாமா ஏரியல் கம்பி இழுத்தார். அம்மா அதில் துண்டு காயப்போட்டாள். மிக்ஸி ஓடினால் இரைச்சல், டியூப்லைட் எரிந்தால் இரைச்சல். நல்லவேளை, அது மின்வெட்டுக் காலம். கரண்ட் போனால் தெருவே திட்டும். மாமா மட்டும் “அப்பாடா” என்று அந்த பேட்டரி ரேடியோவிடம் ஓடுவார்.

மக்ரிப் தொழுதுவிட்டு வந்து உட்காரும் அத்தாவுக்கு அந்த ‘உஸ்’ சத்தம் தலைவலி. ஒருநாள் சொல்லிவிட்டார். “மாப்ள, வியாழக்கிழமைக்குள்ள அது எனக்கு வெளங்குற மாதிரி ஒரே ஒரு வார்த்த பேசணும். இல்லேன்னா வெள்ளிக்கிழம வாங்குன எடத்துலயே வித்துட்டு வந்துடு.”

அத்தா சொன்னால் சொன்னதுதான். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரிய பதவியை மாமா எனக்குத்தான் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. மாமா குமிழை மெதுவாகத் திருக, இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் எழுந்தது. “பப்புவா நியூகினி” என்றார் மாமா, மூச்சை அடக்கிக்கொண்டு. எனக்கோ ஒரு எழவும் புரியவில்லை. காதைக் கொண்டுபோய் ஒட்டினேன். ‘ஹவுஸ் தம்பரான்’ என்றது குரல். மறுபடியும் அதையே சொன்னது.

“அத்தா, தாம்பரம்னு சொல்றான்” என்று கத்தினேன்.

அத்தா மெழுகுவத்தியோடு வந்து குனிந்தார். குரல் இன்னொரு தடவை சொன்னது. அத்தா மெழுகுவத்தியைச் சற்றே உயர்த்திப் பிடித்தார். பிறகு, “ஆமா, தாம்பரந்தான்” என்றார்.

“ஹவுஸ் வேற சொல்றான். ரியல் எஸ்டேட்காரன் அங்க வரைக்கும் போயிட்டானா?” என்றாள் அம்மா.

ரேடியோ தப்பியது. அதைக் காப்பாற்றியவள் நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பொத்தேரியில் கல்லூரி படித்தபோது இணையத்தில் எதையோ தேடப்போய் அந்தச் சொல் கண்ணில் பட்டது. அந்த ஊரில் ‘ஹவுஸ் தம்பரான்’ என்றால் முன்னோர்களின் ஆவிகள் குடியிருக்கும் வீடாம். உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு அத்தா நல்லா ஏமாந்தாங்க மாமா என்று சிரித்தேன்.

“அது தாம்பரம் இல்லேன்னு எனக்கு மறு வாரமே தெரியும். மனசு கேக்காம மச்சான்கிட்ட சொல்லிட்டேன்” என்றார் மாமா.

“அத்தா என்ன சொன்னாங்க?”

“‘எனக்கும் தம்பரான்னு சரியாத்தான் கேட்டுச்சு மாப்ள. புள்ள மொகத்த பாத்தேன், அதான்’னாரு.”

ரேடியோவைப் பார்க்கத்தான் அத்தா மெழுகுவத்தியைக் கொண்டுவந்தார் என்று நான் நினைத்திருந்தேன்.