இடது பக்கத்து இறகு

நான் கால்நடை டாக்டருங்க. நாமக்கல்ல நமக்குப் பொழப்பே கோழியோடதான், பண்ணை பண்ணையாப் போயி ஊசி போடறதும் செத்த கோழிய அறுத்துப் பார்க்கறதும். அது போக, அடிபட்ட பருந்து, வல்லூறு, ஆந்தைன்னு வனத்துறைக்காரங்க கொண்டாந்து குடுத்தா ஊட்டுக்குப் பின்னாடி கூண்டுல வச்சு வைத்தியம் பண்ணி விடுவேன். இத எதுக்குச் சொல்றேன்னா, தெனமும் செத்த உடம்ப அறுக்கறவளுக்கு ஆவி, முன்ஜென்மம் இதெல்லாம் காதுலயே ஏறாது. யாராச்சும் அந்தப் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிருவேன். நீங்களும் இதக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போனா எனக்கு வருத்தமில்ல. ராத்திரியில, இருட்டுல நடந்ததும் இல்லீங்க, சாயங்கால வெயில்ல என் ரெண்டு கண்ணால பார்த்தது.

திருச்செங்கோடு போற வழியில செல்லம்மாக்கான்னு ஒருத்தர் முட்டைக்கோழிப் பண்ணை வச்சிருக்காங்க. ஒரு நாள் காத்தால முட்டைப் பெட்டியில ஒரு பருந்தப் போட்டு எடுத்துட்டு ஓடியாந்தாங்க. ரோட்டுல கெடந்த எதையோ தூக்க எறங்குன எடத்துல லாரி அடிச்சிருச்சு. முதுகெலும்பே போச்சு, என் கையிலயே உசுரும் போயிருச்சு. அக்கா அழுதுட்டாங்க. அவங்க தோட்டத்துப் புளியமரத்துல கூடு கட்டியிருந்த பருந்தாம், ஒத்தக் குஞ்சு இருக்குதாம், ஆண் பருந்தையும் கொஞ்ச நாளாக் காணோமாம். "குஞ்சு என்னங்க டாக்டரம்மா பண்ணும்?"னு கேட்டாங்க. எறக்கிக் குடுங்க, நான் வளர்த்திக்கறேன்னேன். ஆனா அந்த மரத்துல ஒரு ஆளு நீளத்துக்குப் பெரிய தேனடை தொங்குது, மரமேர்றவங்க ரெண்டு பேரு வந்து அண்ணாந்து பார்த்துட்டு, நமக்குப் புள்ளைகுட்டி இருக்குதுன்னு போயிட்டாங்க. அப்ப குஞ்சு பட்டினி கெடந்து சாகத்தான் போகுதுன்னு நானே முடிவு கட்டிட்டேன்.

இந்த எடத்துல நான் பண்ணுன ஒரு வேலையச் சொல்லியாகணும். அப்ப எங்கூட்டுக் கூண்டுல இன்னொரு பருந்து இருந்துச்சு. மேச்சேரிப் பக்கம் யாரோ கட்டிப் போட்டு வளர்த்துனது, பறந்துரக் கூடாதுன்னு இடது ரெக்கையில இறகப் பூராப் பாதியோட கத்திரிச்சு விட்டிருந்தாங்க, பாவிங்க. அது உதிர்ந்து புதுசு மொளைக்க ரொம்ப மாசம் ஆகும். ஆனா ஒரு வழி இருக்குது, செத்த பறவையோட இறக எடுத்து உசுரோட இருக்கற பறவைக்கு ஒட்டறது. வெட்டுப்பட்ட தண்டு உள்ளாற குழலா இருக்கும், மூங்கிலச் சன்னமாச் சீவி ஒரு முனைய அதுல செருகி, மறு முனையில வேற இறகச் செருகிப் பசை வச்சிரணும், அவ்வளவுதான். இறகுங்கறது நம்ம நகம் மாதிரி, அதுல நரம்பும் இல்ல ரத்தமும் இல்ல. செத்த தாய்ப்பருந்தோட இடது பக்கத்து இறக அதே வரிசையில எடுத்து இதுக்கு ஒட்டுனேன். நம்ம வேலையில கொறை சொல்ல முடியாதுங்க, பெரிய கூண்டுல விட்டதும் ஜம்முனு பறந்துச்சு.

புடிச்ச ஊருலயே விடறதுதான் மொறை. அடுத்த நாள் வெடியக்கால பெட்டியில வச்சு மேச்சேரிக்குக் கொண்டு போயி விட்டேன், அக்கா தோட்டத்துல இருந்து அது அம்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கும். மேல ஏறி ஒரு சுத்து சுத்திட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு, நானும் டீயக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே செல்லம்மாக்கா போன் பண்ணி, "டாக்டரம்மா, ஒரு பருந்து வந்து குஞ்சுக்கு ஊட்டுதுங்க"ன்னாங்க. ஆண் பருந்து திரும்பி வந்திருக்கும்னேன். "இல்லீங்க, நீங்க வந்து பாருங்க"ன்னாங்க, கொரலே ஒரு மாதிரியா இருந்துச்சு.

போயி பைனாகுலர்ல பார்க்கறேன், நம்புனா நம்புங்க, நான் காத்தால விட்ட அதே பருந்து. கயிறு இறுக்கி ஒரு விரலு போயிருந்துச்சு, அந்தப் புண்ணுக்கு மருந்து வச்சவ நானு, எனக்குத் தெரியாதுங்களா? நெஞ்செல்லாம் கோடு கோடா இருக்கற எளம்பறவை, கூடே கட்டியிருக்காது, அதுக்குப் புள்ளை வளர்க்கற வயசே இல்ல. எங்கூட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள்ள, போனதும் பெட்டிக்குள்ள, இந்தத் தோட்டத்த அது பார்த்ததே இல்ல. அது கறியக் கிழிச்சுக் கிழிச்சுக் குஞ்சு வாயில வைக்குது. எளை சந்துல வெயிலு எறங்கிக் குஞ்சு மேல பட்டுச்சு பாருங்க, ரெக்கைய விரிச்சு மறைச்சுச்சு. இடது ரெக்கைய மட்டும். வலது ரெக்கை மடிச்ச மேனிக்கே இருந்துச்சு. தாயோட இறக நான் ஒட்டுன ரெக்கைங்க அந்த இடது ரெக்கை.

அக்காகிட்ட இறகு ஒட்டுன விசயத்தச் சொன்னேன். "தாயே வந்துட்டா சாமி"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. தாயி இல்லீங்கக்கா, மூங்கிலும் பசையும்தான்னு அதட்டுனேன். அதட்டுனேனே தவிர, இருட்டற வரைக்கும் பைனாகுலரக் கண்ணுல இருந்து எடுக்கல.

கூடப் படிச்ச டாக்டருங்ககிட்டச் சொன்னா, வேற பருந்தப் பார்த்திருப்பேன்னு சிரிக்கறாங்க. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன். குஞ்சு பறக்கற வரைக்கும் அது அந்த மரத்தச் சுத்தியே கெடந்துச்சு, பறந்ததுக்கப்புறம் ரெண்டையும் காணோம்.

இப்ப எனக்கு வேற சங்கடம். சேலத்துல பட்டம் விடற நூல்ல மாட்டி, வலது ரெக்கை இறகெல்லாம் ஒடைஞ்சு ஒரு பருந்து வந்திருக்குது. அந்தத் தாயோட வலது பக்கத்து இறகு எங்கிட்டப் பத்திரமா இருக்குது, அளவும் கச்சிதமாப் பொருந்துது. மூங்கிலக் கூடச் சீவி வச்சுட்டேன். ஒட்டுனா பறந்துரும்னு நல்லாத் தெரியும். ஆனா தெனமும் அந்த இறகக் கையில எடுக்கறேன், மறுபடி பெட்டியிலயே வச்சர்றேன். பறந்து நேரா அந்தப் புளியமரத்துக்குப் போச்சுன்னா, கூட்டுல இப்பக் குஞ்சு இல்லீங்களே.