சில்வர் கார்டும் பத்து கிலோவும்

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வைத்த பெயர் சில்வர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளிச் சாமான் செய்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அவர் செய்வது செயற்கைக் கால். கால் போனவர்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்து, அச்சு வார்த்து, காலைப் பொருத்தி, நடக்கப் பழக்கி அனுப்புவதுதான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருடைய பிழைப்பு. சில்வர் என்பது அவர் சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு விமானக் கம்பெனியின் அட்டை.

பட்டறைக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை உண்டு. கிளை என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். ஓர் அறை, ஒரு கட்டில், பிடித்துக்கொண்டு நடந்து பழக இரண்டு பக்கமும் கம்பி வைத்த ஒரு நடைபாதை, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் பறந்து போய், முன்பு அளவெடுத்தவர்களுக்குக் கால் மாட்டிவிட்டு, புதிதாக வந்தவர்களுக்கு அளவெடுத்துக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலும் போவது இவர்தான். போய்ப் போய், விமானக் கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் இவரை சில்வர் உறுப்பினர் ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேலே கோல்டு, அதற்கும் மேலே பிளாட்டினம். சில்வருக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதாவது இவர் நின்றது முதல் படியில். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே, மாடியையே விலைபேசி முடித்தவர் போல வந்தார். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று அவர் காதுபடவே சொன்னேன். சிரித்துக்கொண்டே அட்டையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். நாள் முழுக்க, உட்காருங்கள், கூப்பிடுவார்கள் என்று சொல்வதுதான் என் உத்தியோகம். வரிசையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சில்வருக்குத் தனி வரிசை என்று இவர் பீற்றிக்கொண்டபோது, அதில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டேன். விமானத்தில் பாதிப் பேர் சில்வராம். தனி வரிசை பொது வரிசையைவிட நீளமாம். பெட்டிக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு சீட்டுக் கட்டுவார்களாம், முதலில் இறங்க வேண்டிய பெட்டி என்று. ஆனால் அது கடைசியில்தான் வருமாம். கேட்டால், முதலில் ஏற்றியதால் அடியில் போய்விட்டது என்றார்களாம். இது என்ன நியாயமோ, கடவுளுக்கே வெளிச்சம். பிறந்த நாளுக்கு மட்டும் கம்பெனியிலிருந்து டாண் என்று வாழ்த்து வந்துவிடும். உப்புக்குப் பெறாத அட்டை என்று நான் சொல்லாத வாரம் இல்லை.

அதில் உருப்படியாக இருந்த சலுகை ஒன்றே ஒன்று. மற்றவர்களுக்குப் பதினைந்து கிலோ சாமான் என்றால் சில்வருக்கு இருபத்தைந்து. இரண்டு சட்டையோடு ஊருக்குப் போகிற மனுஷருக்குக் கூடுதலாகப் பத்து கிலோ எதற்கு என்று நான் அதையும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அட்டை சும்மா கையில் நிற்காது. வருஷத்துக்கு இத்தனை தடவை பறந்தால்தான் நீடிக்கும். போன வருஷம் இவருக்கு, இந்த வயசில், பொன்னுக்கு வீங்கி வந்தது. கழுத்தும் கன்னமும் ஒன்றாகிப் படுத்துக் கிடந்தார். அவருக்குப் பதிலாக ஒரு மாதம் பெயிண்டர் போனார். காலுக்கு ஆளின் தோல் நிறத்தில் வர்ணம் அடிக்கிறவர் அவர். அடுத்த மாதம், காலை இடுப்போடு கட்டுகிற பெல்ட் தைக்கிறவர் போனார். இரண்டு பேரும் விமான நிலையத்தில் தங்கள் கணக்கு என்று ஒன்று தொடங்காமல், இவருடைய அட்டை எண்ணையே கொடுத்தார்கள். அந்தப் பட்டறையில் எல்லாமே அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே குடை, ஒரே மோட்டார் சைக்கிள், ஒரே சார்ஜர். ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து ஒருவருக்கும் கிடைக்காமல் போவதற்கு, ஒருத்தர் பேரிலாவது சேரட்டும் என்பது அவர்களுடைய கணக்கு. சிறுதுளி பெருவெள்ளம் என்று பெயிண்டர் வேறு வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இந்தத் தடவை நானும் கூடப் போவதாக ஏற்பாடு. கல்யாணமான புதிதில் விமானத்தில் கூட்டிப்போகிறேன் என்று சொன்ன மனுஷர், பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் போன பிறகுதான் டிக்கெட் எடுத்தார். மருத்துவமனையில் நாற்காலிகளை மாற்றுவதற்காக ஒரு வாரம் விடுமுறை விட்டிருந்தார்கள். நான் பெட்டி கட்டிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். துணிமணி, போர்வை, பிளாஸ்க், இஸ்திரிப் பெட்டி, என் தலையணை. தலையணை மாறினால் எனக்குத் தூக்கம் வராது. எல்லாவற்றையும் அமுக்கி, மேலே ஏறி உட்கார்ந்து மூடி, எடை பார்த்தால் சரியாகப் பதினைந்து கிலோ.

அவருடைய சாமான் இரண்டு பெட்டி. ஒன்றில் கருவிகள், அதுவே பதினைந்து வந்துவிடும். இன்னொன்றில் ஒரே ஒரு கால், அதை நேராக நிறுத்திப் பொருத்த ஓர் இரும்புச் சட்டம். அது ஒரு பஸ் கண்டக்டரின் கால். அந்தப் பெண்ணுக்கு விபத்தில் முழங்காலுக்கு மேலேயே கால் போய்விட்டது. டெப்போவில் இத்தனை நாள் இடத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் டெப்போ அதிகாரியும் டாக்டரும் பார்க்க, அவள் பஸ்ஸில் ஏறி, ஓடுகிற வண்டியில் நடந்து காட்ட வேண்டும். காட்டினால் வேலை உண்டு. இல்லையென்றால் அவ்வளவுதான், வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். தினமும் சாயங்காலம் இவருக்கு போன் வரும். "அண்ணே, கால் வந்துருமா?" என்று கேட்பாள். "வந்துரும்மா, நானே கொண்டு வர்றேன்" என்று இவர் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு, அடுப்படியில் இருந்த எனக்கே அந்தக் கால் எப்போது போய்ச் சேரும் என்று ஆகிவிட்டது.

என் கொழுந்தன் காரில் கொண்டுவந்து விமான நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார். இவர் சில்வர் வரிசையில் என்னையும் இழுத்துக்கொண்டு நின்றார். எங்கள் முறை வந்ததும் அட்டையை எடுத்து நீட்டினார். கவுண்ட்டரில் இருந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டு, அட்டை போன மாதத்தோடு முடிந்துவிட்டது என்றாள். இவர் பதறாமல், கணக்கெல்லாம் சரியாக இருக்குமே, நன்றாகப் பாரம்மா என்றார். அவள் திரையைத் திருப்பியே காட்டினாள். பெயிண்டர் போனதும் ஏறவில்லை, பெல்ட்காரர் போனதும் ஏறவில்லை.

"யார் பறக்கிறாங்களோ அவங்க பேருக்குத்தான் சார் சேரும். பேர் வேற, நம்பர் வேறன்னா கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"நாங்க எல்லாம் ஒரே பட்டறைதாம்மா."

பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? அதைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது? சின்ன விமானம், அன்றைக்கு நிறைந்துவிட்டது, காசு கட்டினாலும் பத்து கிலோவைக் கூட ஏற்ற வழியில்லை என்றாள். பெட்டிக்குள் என்ன என்று கேட்டாள். சொன்னோம். செயற்கைக் காலுக்கு எடைக் கணக்கே கிடையாது, ஆனால் அதைப் போட்டுக்கொள்கிறவர் கூடவே பறக்க வேண்டும் என்றாள்.

"அவங்க கால் இல்லாமத்தானேம்மா அங்க உக்காந்திருக்காங்க" என்றார் இவர்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டிகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து நின்றோம். கருவி இல்லாமல் போனால் காலை வைத்து என்ன செய்வது? ஓரத்தைச் சூடு காட்டி, செதுக்கி, ஆளின் உடம்புக்குச் சரி பார்க்காமல் எந்தக் காலும் நிற்காது. கால் இல்லாமல் போனால் கருவி எதற்கு? கூரியரில் போட்டால் ஒரு வாரம். கையில் எடுத்துப் போகலாம் என்றால் விமானத்தில் தலைக்கு மேலே இருக்கிற அறையில் அந்த நீளம் அடங்காது. இவர் ஒரு பெட்டியைத் திறப்பார், மூடுவார், அடுத்ததைத் திறப்பார். நடுவில் ஒரே ஒரு தடவை என் பெட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்த வேகம் சொல்லி மாளாது. அட்டை போனதற்காக இல்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என்னிடம் கேட்க அந்த மனுஷருக்கு வாய் வரவில்லையே, அதற்காக. என் தலையணையைவிட ஒருத்தியின் கால் எனக்குப் பெரிதில்லை என்று நினைத்தாரா?

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? என் பெட்டியத் திறங்க."

"நீ ஆசையா கட்டினியேம்மா."

"ஆசைய வேற பெட்டியில வச்சிருக்கேன். திறங்க."

கொழுந்தனுக்கு போன் போட்டேன். பாதி வழியிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அதற்குள் நடுக்கூடத்தில் போர்வை, பிளாஸ்க், இஸ்திரிப் பெட்டி, தலையணை எல்லாம் குவிந்துவிட்டன. போகிறவர் வருகிறவர் எல்லாம் கடை விரித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். இரும்புச் சட்டமும் கண்டக்டரின் காலும் என் பெட்டிக்குள் போயின. அடியில் மெத்தென்று இருக்க இரண்டு துண்டு மட்டும் விட்டேன். மாற்றுத் துணி வேண்டுமே, அதற்கு ஒரு வழி பண்ணினேன். கழிப்பறைக்குப் போய் மூன்று உடுப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தேன். கொழுந்தன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலையணைய எங்கிட்ட குடுத்துட்டு நீங்களே தலையணை ஆயிட்டீங்களே அண்ணி."

சிரிக்கக்கூட முடியாமல் வியர்த்துக் கொட்டியது. இந்தத் தடவை பொது வரிசையில் நின்றோம். அது சீக்கிரம் நகர்ந்தது.

எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. கடைசி வரிசை, பக்கத்தில் கழிப்பறை. ஆனாலும் தரை விலகிக் கடல் வந்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். இத்தனை நாளும் அந்தப் பத்து கிலோவில் என்னதான் கொண்டுபோனீர்கள் என்று இவரிடம் கேட்டேன். முன்பெல்லாம் பதினைந்து கிலோவும் கருவிக்கே போய்விடும், கால்கள் கப்பலில்தான் வரும், ஜனங்கள் கூடுதலாக ஒரு மாதம் காத்துக் கிடப்பார்கள் என்றார். அட்டை வந்த பிறகு ஒவ்வொரு தடவையும் அவசரமாக வேண்டியவருக்கு ஒரு கால் கூடவே பறந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்னவாம் என்று திட்டினேன்.

அன்று சாயங்காலம் கம்பிகளுக்கு நடுவில் அவளுக்குக் காலை மாட்டினார். ஒல்லியான பெண், வாய் மட்டும் ஓயாது. ஓரம் குத்துகிறது என்றாள், சூடு காட்டிச் செதுக்கினார். பாதம் வெளியே திரும்புகிறது என்றாள், சட்டத்தில் வைத்துத் திருப்பினார். கடைசியில் கம்பியை விட்டு அவள் முதல் அடி வைத்தாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது புதுக் கால் முதலில் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

காலையில் டெப்போ. காலி பஸ்ஸில் என்ன சோதனை, யாராவது நாலு பேர் உட்காருங்கள் என்றார் அதிகாரி. நானும் இவரும், டெப்போ ஒர்க் ஷாப் ஆட்கள் இரண்டு பேரும் ஏறிப் பின்னால் உட்கார்ந்தோம். அவள் கீழே நின்று படியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. நல்ல கால், புதுக் கால், கம்பி. ஏறிவிட்டாள். டிரைவர் வண்டியை எடுத்து, வளைவில் திருப்பி, வேண்டுமென்றே ஒரு பிரேக் போட்டார். நான்தான் முன் சீட்டில் போய் இடித்துக்கொண்டேன். அவள் சீட்டின் முதுகைப் பிடித்து நின்று, நிமிர்ந்து, என் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள்.

"டிக்கெட் எடுங்கக்கா."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் அவளைப் படியில் மூன்று தடவை இறங்கி ஏறச் சொன்னார். முடிந்ததும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் அழுதேன். மூன்று உடுப்பில் ஒன்றாவது கண் துடைக்க உதவியது.

வேலை கிடைத்த சந்தோஷத்திலும் அவளுக்கு ஒரு கவலை. அட்டை போன கதையை இவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அளவு கொடுத்துவிட்டுக் கிளையில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்களை அவளும் பார்த்திருக்கிறாள். "இனிமே அவங்களுக்கெல்லாம் எப்படிண்ணே கொண்டு வருவீங்க?" என்று கேட்டாள். அட்டையைத் திரும்ப வாங்கிவிடலாம், இனிமேல் பட்டறையில் ஆளுக்கொரு நம்பர், அவரவர் பேரில் அவரவர் பறக்க வேண்டியதுதான் என்றார் இவர். அதற்கு ஒரு வருஷம் ஆகுமே என்றாள் அவள். அப்போது இவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கார்டு பத்து கிலோதாம்மா குடுக்கும். இவ பதினஞ்சு." பிறகு என்னிடம் கேட்டார், "அவசரம்னா வருவியா?"

கேட்டுவிட்டார். கேட்கத் தெரிந்துவிட்டது அந்த மனுஷருக்கு.

"தலையணை இல்லாமயே நேத்து தூங்கிட்டேன்" என்றேன்.

வண்டி எப்படியும் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டியதுதான், அவளே கண்டக்டராகப் போகட்டும் என்றார் அதிகாரி. நான் பழையபடி பின்னால் போய் உட்காரப் போனேன். கண்டக்டர் என் கையைப் பிடித்து முன் சீட்டுக்கு இழுத்தாள்.

"இங்க உக்காருங்கக்கா. என் பஸ்ல உங்களுக்குக் கார்டு கேக்க மாட்டேன்."

என்னை உட்கார வைத்துவிட்டு, நல்ல காலும் புதுக் காலும் ஊன்றி நடுவில் நின்று, எட்டி மணியை இழுத்தாள்.

"போலாம்!"